மூன்று குளம்புகள்

பிரகான்சா மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து
விமியோசு வரை வளைந்து வளைந்து வந்து
வண்டியை அணைத்தால்
வேலிக்கு அந்தப் பக்கம்
இரண்டு காதுகள் மட்டும் என்னைப் பார்க்கும்.
மற்றதெல்லாம் பனி.

ஃபரூஷ்கா.
கரி பூசியவள் என்று பொருள்.
சந்தையில் யாரும் விலை கேட்காமல் நின்றவள்.
குட்டியாக இருந்தபோது மாட்டிய முகக்கயிற்றை
எவரும் கழற்றவில்லை.
முகம் வளர்ந்தது, கயிறு வளரவில்லை.
மூக்கின் குறுக்கே இன்னும்
மயிர் முளைக்காத ஒரு கோடு.
குளம்புகளோ கோமாளியின் செருப்புபோல
முன்னால் நீண்டு மேலே வளைந்திருந்தன.

முதல் வாரம்
எனக்குத் தெரிந்த ஒரே முறையில் அவளைத் தொட்டேன்.
ஓர் இரவில் முப்பது உடம்புகளைத் தொடுகிறவள் நான்.
போர்வையை விலக்கு. கையைத் தூக்கு. பட்டையைச் சுற்று.
புரட்டு, துடை, எழுது. அடுத்த கட்டில்.
அங்கே யாரும் உதைத்ததில்லை.
இவள் உதைத்தாள்.
என் தொடையில் நீலம் கட்டி, மஞ்சளாகி,
மறைய மூன்று வாரம்.

பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.
படிக்க வேறொன்றும் இல்லாமல்
மின்கட்டண ரசீதை உரக்கப் படித்தேன்,
அபராதம் உட்பட.
பதினொன்றாம் நாள்
பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.
நான் திரும்பவில்லை.
(திரும்பாமல் இருப்பதற்குத்தான்
எத்தனை பலம் வேண்டியிருக்கிறது.)

கையை நீட்டியபோது முகர்ந்தாள், தும்மினாள், போய்விட்டாள்.
படுக்கைப்புண் வராமலிருக்க
இரவெல்லாம் முதுகுகளில் தேய்த்த கற்பூரச் சாராயம்.
கற்பூர வாசனை தெரியாமல் இல்லை அவளுக்கு.
தெரிந்ததால்தான் போனாள்.
அன்றிலிருந்து சாம்பல் போட்டுக் கை கழுவுகிறேன்.

தோளில் ஒரு கை. ஒன்று, இரண்டு.
அவள் நகரும் முன் நான் எடுத்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் பாடம். ஜனவரி முழுவதும் அதுதான்.
கால்களுக்கு,
ரப்பர் கையுறையில் வைக்கோல் திணித்து
துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டினேன்.
உதைபட என் கைக்குப் பதில் ஒரு கை.
டிராக்டரை நிறுத்திவிட்டு பெல்மீரோ கேட்டார்:
"பேய் ஓட்டுகிறாயா, ஒடீலியா?"
"இல்லை, பேயை நம்ப வைக்கிறேன்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மார்ச்சில் குளம்பு சீவுகிற எவாரிஸ்து வந்தார்.
அரத்தைப் பையிலிருந்து எடுக்கவே அரைமணி நேரம்.
முன்னங்கால்கள் இரண்டு. பின்னே வலது.
சுருள் சுருளாகக் குளம்பு உதிர்ந்தது,
தீய்ந்த நகம்போல ஒரு நாற்றம்.
இடது பின்னங்காலுக்கு அவர் குனிந்ததும்
விலாத்தோலில்
கல் விழுந்த குட்டைபோல ஒரு நடுக்கம் ஓடியது.
எவாரிஸ்து நிமிர்ந்துவிட்டார்.
"மூன்று போதும். நாலாவதுக்கு
அவளே தேதி சொல்லட்டும்."
கூலியில் கால்வாசியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்,
ஒரு காலுக்குரியதை, சில்லறை பிசகாமல்.

அன்று இரவு ஏழாம் கட்டிலில்
பக்கவாதம் வந்த அதெலீனு.
பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ஒரு கண்ணைத் திறந்தார்.
"என்ன, வேலை மறந்துவிட்டதா?"
"கை கேட்கிறேன்" என்றேன்.
நெடுநேரம் யோசித்தார்.
மூன்று வாரமாக அந்த அறையில்
யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை போலும்.
"இதை எடுத்துக்கொள்.
அது இன்றைக்கு வேண்டாம்."

குறிப்பேட்டில் பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
காரணம் எழுதும் கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

காலையில் வேலியோரச் சேற்றில்
வட்டமாய் மூன்று தடங்கள்,
நீளமாய் ஒன்று,
மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று என்று
என் வாளி வரைக்கும் வந்து
நின்றிருந்தன.